திரை போட்ட வியாழக்கிழமைகள்

செவ்வாய்க்கிழமை காலையில் பீர்க் குழாய்களைக் கழுவுவது கெய்னர் சக்டனின் வேலை. லீட்ஸுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மதுக்கடையான ‘மூன்று லாடம்’ பப்பை எடுத்து நடத்திய இருபத்தாறு வருஷத்தில் அந்த வேலையை அவள் புருஷனிடம்கூட விட்டதில்லை. நிலவறைக்கு இறங்கிப் பீப்பாய்களைக் கழற்றி, குழாய் முனைகளை மருந்து கரைத்த தொட்டியில் முக்கிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வருவாள். கவுன்டரில் வரிசையாக நிற்கும் கைப்பிடிகளை ஒவ்வொன்றாக இழுத்து, உள்ளே தங்கிய பீர் போய் மருந்துத் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை வாளியில் பிடிப்பாள். பிறகு அரை மணி நேரம் ஊற வேண்டும். அதற்குள் ஒரு தேநீர், பின்கட்டில் ஒரு சிகரெட், பப்பில் நடக்கும் சண்டை சச்சரவுகளைக் குறித்துவைக்கும் சம்பவ நோட்டில் எழுதாமல் விட்ட பாக்கி.

அந்த ஏப்ரல் செவ்வாயன்று குழாய்கள் ஊறிக்கொண்டிருந்தபோது நகரமன்றத்து ஆள் ஒருவன் நீலக் காகிதத்தோடு வந்து கதவைத் தட்டினான். தலையில் மழைத் துளி. கையில் ஒட்டும் டேப்.

“திருமதி சக்டனா? இதை வாசல்ல ஒட்டணும். இருபத்தெட்டு நாளைக்குக் கிழிக்கக் கூடாது.”

“என்ன இது, நான் செத்துப் போனதுக்கு அறிவிப்பா?”

“உங்க லைசென்ஸை மறுஆய்வு பண்ணப்போறாங்க. போலீஸ் கேட்டிருக்காங்க. குற்றமும் ஒழுங்கீனமும்னு காரணம் போட்டிருக்கு.”

“கதவுக்குப் போன மாசம்தான் பெயின்ட் அடிச்சேன். டேப்பை எடுக்கும்போது உரிஞ்சுக்கிட்டு வந்துடும். கண்ணாடியில உள்பக்கமா ஒட்டு, கண்ணு.”

“வெளியில போறவங்க படிக்கத்தானேம்மா ஒட்டுறது.”

“வெளியில போறவங்க எல்லாம் படிச்சவங்களா இருந்தா எனக்கு ஏன் இந்தக் கதி?”

தரை துடைத்துக்கொண்டிருந்த மகள் லீயான் சிரித்துவிட்டாள். கெய்னர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நீ என்ன பல்லைக் காட்டுற? அந்த மூலையை மறுபடி துடை. உன் கல்யாணம் மாதிரி பாதியில விட்டிருக்க.”

நகரமன்றத்து ஆள் தலையைக் குனிந்துகொண்டு காகிதத்தை ஒட்டினான். லீயான் அந்த மூலையை மறுபடி துடைத்தாள்.

கெய்னருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. ஆலை உணவகத்தில் பாத்திரம் கழுவியவளின் மகள். புருஷன் காலின் பீர் ஊற்றுவான், சிரிப்பான், எல்லோருடைய கதையையும் கேட்பான். ஆட்களை வெளியே தள்ளுவது கெய்னர். வீட்டுச் செருப்போடு மாடியிலிருந்து இறங்கி வந்து, ஆறடி ஆள் ஒருவனைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மழையில் விட்டதை எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். அவளைப் பார்த்தால் எங்களுக்குப் பயம், அவள் இல்லாவிட்டால் சலிப்பு. அவளிடம் திட்டு வாங்குவதற்காகவே இரண்டு தெரு தள்ளி நடந்து வருகிறவர்கள் இருந்தார்கள். திட்டு வாங்காத நாளில், ‘என்னம்மா, என்மேல கோபமா?’ என்று கேட்பார்கள்.

மகளுக்குத்தான் அது வேடிக்கையாக இல்லை. கல்யாணம் முறிந்து, முப்பத்து மூன்று வயதில் இரண்டு பெட்டிகளோடு திரும்பி வந்தவள் லீயான். அடுத்த தெருவில் வாடகை வீடு, அம்மாவின் பப்பில் சம்பளம். ஐந்து வருஷமாகியும் நிலவறைச் சாவி அவள் கைக்கு வரவில்லை. “இவகிட்ட சாவியைக் குடுத்தா பீப்பாயும் இவளை விட்டு ஓடிப்போயிடும்” என்று கெய்னர் கவுன்டரில் நின்றபடி சொல்வாள். பார் முழுக்கச் சிரிக்கும். லீயானும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். வேறு என்ன செய்வது?

காலின் ஆறு வருஷம் முன்பு நிலவறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தான். அடக்கம் ஒரு வியாழக்கிழமை. எல்லோரும் வந்து குடித்துவிட்டு, மூடும் மணி அடித்ததும் கோட்டை மாட்டினார்கள். கெய்னர் மணிக் கயிற்றைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்க் கதவைத் தாழிட்டாள். ஜன்னல் திரைகளை இழுத்து மூடினாள். “உக்காருங்க. யாரும் போக வேணாம்” என்றாள். அடுத்த வியாழக்கிழமையும் அப்படித்தான். அதற்கடுத்ததும். டோமினோ ஆட்டம் முடிந்ததும் எட்டு ஒன்பது பேர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்கள், அவள் திரையைப் போடுவாள். அவளுக்கு மாடிக்குத் தனியாக ஏறப் பிடிக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல யாருக்கும் துணிச்சலில்லை. மூடும் நேரத்துக்குப் பிறகு ஊற்றுவது சட்டப்படி தப்பு, ஆனாலும் எந்த ஊர் பப்பிலும் திரை போடுவது உண்டுதான். போடுகிறவர்கள் சொல்ல மாட்டார்கள், உள்ளே இருந்தவர்களும் சொல்ல மாட்டார்கள்.

சம்பவ நோட்டு வேறு கதை. மூன்று வருஷம் முன்பு பப் நடத்துகிறவர்களை எல்லாம் கூட்டிவைத்து, லைசென்ஸ் விஷயங்களைக் கவனிக்கும் சார்ஜென்ட் ஹோல்ராய்ட் ஒரு நாள் பாடம் எடுத்தார். “சண்டை, வாக்குவாதம், கழிப்பறையில போதைப் பொடி, எதுவா இருந்தாலும் எங்களைக் கூப்பிடுங்க. கூப்பிட்டதை எழுதிவைங்க. ஒளிக்கிறவங்கதான் கடைசியில மாட்டுவாங்க” என்றார். கெய்னர் தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்றை வாங்கினாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கோடு போட்டு, தேதி, நேரம், பெயர், என்ன நடந்தது என்று குண்டுக் கையெழுத்தில் எழுதத் தொடங்கினாள். ஒரு வருஷத்தில் நாற்பத்தொரு முறை போலீஸைக் கூப்பிட்டாள்.

தெருவின் கீழ்க்கோடியில் இருந்த ‘ரயில்வே’ என்ற பப்பில் அதே வருஷம் இரண்டே முறை. அங்கே அடிதடி நடந்தால் அடிபட்டவனைத் தோளில் போட்டுக்கொண்டு போய் பஸ் நிறுத்தத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். போலீஸ் கணக்கில் அது பஸ் நிறுத்தத்துச் சண்டை. “ஊர்லயே ரவுடித்தனம் பண்றது அந்த பஸ் நிறுத்தம்தான்” என்று ரயில்வேக்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

நீலக் காகிதம் வருவதற்கு முந்தின மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், கால்பந்து ஆட்டம் டிவியில் ஓடிக்கொண்டிருந்தபோது, டீன் என்பவன் கையிலிருந்த கண்ணாடிக் கோப்பையை ஷான் என்பவனின் முகத்தில் உடைத்தான். நாற்காலியை நகர்த்தியதில் ஆரம்பித்த சண்டை. கெய்னர் மூன்று நிமிஷத்துக்குள் போலீஸைக் கூப்பிட்டாள், தன் கையாலேயே துண்டை வைத்து ரத்தத்தை அழுத்தினாள், அன்று மாலையே முழுசாக எழுதிவைத்தாள். ஷானுக்கு இருபத்து நான்கு வயது. இடது கண் போய்விட்டது. டீன் சிறைக்குப் போனான். ஒரு மாதம் கழித்து ஷான் கண்ணில் கறுப்புப் பட்டையோடு தெருவில் நடந்துபோனபோது, எங்கள் ஆட்கள் அவனுக்குக் ‘கேப்டன்’ என்று பெயர் வைத்தார்கள். கடற்கொள்ளைக் கப்பல் கேப்டன். அவன் காதில் விழாதபடிதான் சொன்னார்கள். அப்படித்தான் நினைத்துக்கொண்டார்கள்.

நீலக் காகிதம் ஒட்டிய இரண்டாம் வாரம் போலீஸ் தரப்புக் காகிதங்கள் கட்டாகத் தபாலில் வந்தன. கெய்னர் கவுன்டரில் வைத்துப் பிரித்தாள். பக்கம் பக்கமாக அவளுடைய கையெழுத்தே நகலெடுத்து வைத்திருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ‘சான்று’ என்று முத்திரை.

“இது என் நோட்டு,” என்றாள்.

எதிரே உட்கார்ந்திருந்த வால்ட் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தான். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன், எழுபத்து நாலு வயது, டோமினோ அணியின் தலைவன், காலினின் பழைய சிநேகிதன்.

“உன் கையெழுத்து அழகாத்தான் இருக்கு, கெய்னர்.”

“வாயை மூடு வால்ட். நாற்பத்தொரு தடவை கூப்பிட்டேனாம், அதனால இது ஆபத்தான இடமாம். கூப்பிடச் சொன்னதே அவங்கதானே.”

“நீயும் பஸ் நிறுத்தத்துல கொண்டு போட்டிருக்கணும்.”

“உன்னை முதல்ல போட்டிருக்கணும்.”

லைசென்ஸ் பப்பின் சொந்தக்காரக் கம்பெனியின் பேரில் இருந்தது. அதில் பொறுப்பாளர் என்று எழுதியிருந்தது கெய்னரின் பெயர். லைசென்ஸ் போனால் பப் மூடும், பப் மூடினால் மாடி வீடும் போகும். அந்த வீட்டில்தான் அவளுடைய கட்டில், காலினின் சட்டைகள், எல்லாம். கம்பெனி மேலாளர் ஃபிலிப் க்ரௌதர் ஏப்ரல் கடைசியில் வந்து, பார் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார்.

“பயப்படாதீங்க கெய்னர். கம்பெனி உங்க பின்னால நிக்குது. உங்க நோட்டுதான் உங்க பலம். எதையும் மறைக்கலைன்னு அது காட்டும். அப்புறம், உங்களுக்காகப் பேசறவங்களைக் கூட்டிட்டு வாங்க. ஊர் பெரியவங்க, நல்லவங்க.”

“நல்லவங்களா? என் பப்லயா?”

அவர் சிரித்தார். போகும்போது லீயான் குடை பிடித்துக் கார் வரைக்கும் வழியனுப்பப் போனாள். அவள் திரும்பி வந்தபோது கெய்னர் கேட்டாள், “மழைக்கு ஒதுங்கினீங்களா, இல்ல காருக்குப் பேர் வெச்சீங்களா? இவ்வளவு நேரமா?”

“சும்மா பேசிட்டிருந்தாரும்மா” என்றாள் லீயான்.

விசாரணை மே மாதம் இருபத்து மூன்றாம் தேதி, காலை பத்து மணிக்கு, நகரமன்றத்தின் இரண்டாம் எண் அறையில். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று கவுன்சிலர்கள், நடுவில் தலைவராக பாட்டம்லி என்ற அம்மாள். ஜாடியில் தண்ணீர், தட்டில் பிஸ்கட். கெய்னர் கருநீலக் கோட்டு போட்டு, உதட்டுச் சாயம் பூசி வந்திருந்தாள். இரண்டு வரிசை தள்ளி ஷானின் அம்மா மார்லீன் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கும் வேலை, அந்த நீல மேலங்கியோடே வந்திருந்தாள். ஷான் வரவில்லை.

சார்ஜென்ட் ஹோல்ராய்ட் கெய்னரின் நோட்டை வாசித்தார். அவள் கண்ணெதிரே, அவளுடைய வார்த்தைகளில். செப்டம்பர் ஒன்பது, டீன் ஒருவனைத் தள்ளினான், எச்சரித்தேன். நவம்பர் இரண்டு, டீன் நாற்காலியை எறிந்தான், வீட்டுக்கு அனுப்பினேன். ஜனவரி பதினாலு, டீன் ஒருவன் மூக்கில் குத்தினான், போலீஸ் வந்தது.

“மூணு தடவை எழுதியிருக்கீங்க. ஒரு தடவைகூட அவனை உள்ளே வராதேன்னு தடை பண்ணலை. ஏன்?”

கெய்னருக்கு உண்மையான பதில் தெரியும். வியாழக்கிழமை டோமினோ அணியில் அவனை விட்டால் ஆள் இல்லை. “சின்ன வயசுப் பையன். திருந்துவான்னு நெனச்சேன்,” என்றாள்.

பாட்டம்லி அம்மாள் நகலை எடுத்துப் புரட்டிக்கொண்டே இருந்தார். “திருமதி சக்டன், நான் பதினோரு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். பப்காரங்க எழுதற நோட்டு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். விசாரணைக்கு முந்தின நாள் ஒரே பேனாவில மொத்தமா எழுதிக் கொண்டுவருவாங்க. இது அப்படி இல்லை. உங்களுக்குப் பாதகமானதைக்கூட எழுதியிருக்கீங்க. இதில எல்லாமே இருக்கா?”

“எல்லாமே இருக்குங்க. ஒண்ணையும் ஒளிக்கலை.”

“நல்லது.” அந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். கெய்னரின் தோள் கொஞ்சம் இறங்கியது. அந்த வினாடியில் விசாரணையை முடித்திருந்தால் அவள் ஒரு எச்சரிக்கையோடு வீட்டுக்குப் போயிருப்பாள் என்று, அன்று அங்கே இருந்த எல்லோரும் பிறகு சொன்னார்கள்.

அவளுக்காகப் பேச வால்ட் எழுந்தான். சவ அடக்கத்துக்குப் போடும் சூட்டு, சவரம் செய்த இடத்தில் ஒரு வெட்டு. கையில் ஒரு தாள்.

“நான் பேச்சாளன் இல்லைங்க. கையால எழுதினேன், எனக்கே படிக்க வரலை. கெய்னர் மக லீயான்தான் அழகா டைப் அடிச்சுக் குடுத்தா.” தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான். “கெய்னரை எனக்கு இருபத்தாறு வருஷமாத் தெரியும். அவ வாய்தான் மோசம், மனசு தங்கம். அந்தக் கேப்டனுக்கு அடிபட்ட அன்னைக்கு...”

“யாருக்கு?” என்றார் பாட்டம்லி அம்மாள்.

வால்ட் தாளைப் பார்த்தான். தாளில் ‘ஷான்’ என்றுதான் இருந்தது. வாய்தான் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“கேப்டன் யாரு, திரு வால்ட்?”

பின்னாலிருந்து மார்லீன் உட்கார்ந்தபடியே சொன்னாள், “என் மகன்தாங்க. கண்ணுல பட்டை கட்டியிருக்கான்ல, அதுக்கு வெச்ச பேரு. போன வாரத்துலேர்ந்து அவன் வெளியில போறதில்லை. நீங்க மேல படிங்க, வால்ட்.”

வால்ட்டின் காதெல்லாம் சிவந்துவிட்டது. போன மானத்தை மீட்க வேண்டும் என்ற அவசரத்தில் மேலும் சத்தமாகப் படித்தான்.

“காலின் அடக்கத்தன்னைக்கு அவ எங்க யாரையும் வெளியில அனுப்பலை. கதவைச் சாத்தி, திரையைப் போட்டு, எங்களைத் தன் வீட்டு மனுஷங்களா உக்கார வெச்சா. அன்னையிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும், ஆறு வருஷமா, ஒரு வியாழக்கிழமை தவறினதில்லை. தனிக்கட்டையா இருக்கிற எங்களை மாதிரி கிழவங்களுக்கு அந்த ரெண்டு மணி நேரம்தான் குடும்பம்.”

அறையில் தண்ணீர் ஊற்றிய சத்தம்கூட நின்றுவிட்டது. வால்ட் அதைத் தன் பேச்சுக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

“ஒவ்வொரு வியாழனும், மூடும் நேரத்துக்கு அப்புறம் மது பரிமாறினாங்களா?” சார்ஜென்ட் மெதுவாகக் கேட்டார்.

“பரிமாறுறதா? அதெல்லாம் சட்டப்படிங்க. மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாரும் பணத்தைக் கவுன்டர்ல வெச்சிருவோம். முன்னாடியே வாங்கினதை அப்புறம் குடிக்கிறோம், அவ்வளவுதான். கதவைச் சாத்திட்டா அது பப் இல்லையே, அவ வீடுதானே. அது உங்களுக்கே தெரியுமே.”

அப்படிச் சொன்னவன் வால்ட் மட்டுமில்லை. பணத்தை மணிக்கு முன்னால் வைத்தால் தப்பில்லை என்று எங்கள் ஊரில் அத்தனை பேரும் நம்பினார்கள், அவனவன் அப்பனிடமிருந்து கேட்டு. பாட்டம்லி அம்மாளின் அப்பாவும் சொல்லியிருக்கக்கூடும்.

“டீன் இருந்தானா, அந்த வியாழக்கிழமைகள்ல?”

“இல்லாமலா? எங்க அணியில நல்லா ஆடுறவனே அவன்தான்.”

வால்ட் உட்கார்ந்தான். கெய்னர் அவனைப் பார்க்கவில்லை. பாட்டம்லி அம்மாள் நோட்டின் நகலை மறுபடி எடுத்தார். நிதானமாக ஒரு பக்கத்தைத் திருப்பினார், இன்னொரு பக்கம், இன்னொரு பக்கம்.

“திருமதி சக்டன். ஆறு வருஷத்து வியாழக்கிழமைகள். இதில எங்க இருக்கு?”

“அது சம்பவம் இல்லைங்க.”

“பின்னே?”

“அது வியாழக்கிழமை.”

ஒரு கவுன்சிலர் சிரிப்பை அடக்க பிஸ்கட் எடுத்துக் கடித்தார். பாட்டம்லி அம்மாள் நகலை மூடி, விளிம்பைச் சரிசெய்து, தன்னிடமிருந்து தள்ளி வைத்தார்.

“அப்ப இதில இருக்கிற மத்ததை நான் எப்படி நம்பறது?”

அதற்குப் பிறகுதான் க்ரௌதர் எழுந்தார். பின்னால் நிற்பதாகச் சொன்னவர் இப்போது முன்னால் வந்து நின்றார். இந்த வியாழக்கிழமை விஷயம் கம்பெனிக்கு அதிர்ச்சி, பப்பின் பிரச்சினை கட்டடம் இல்லை, ஆள்தான் என்று சொன்னார். பொறுப்பாளரை மாற்றக் கம்பெனி தயார், படிவம்கூடப் பூர்த்தி செய்து கையில் இருக்கிறது, இன்றே கொடுத்துவிடலாம். சார்ஜென்ட் அதை வாங்கிப் படித்துவிட்டு, பப் திறந்திருக்கும் நேரத்தில் திருமதி சக்டன் உள்ளே இருக்கவே கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டால் போலீஸுக்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

“புதுப் பொறுப்பாளர் யாரு?” என்று கேட்டார் பாட்டம்லி அம்மாள்.

“லீயான் சக்டன். இதோ இருக்காங்க. அவங்க மகள்தான். பயிற்சி முடிச்சு, தன் பேருக்கு லைசென்ஸும் வாங்கிட்டாங்க.”

எல்லோரும் லீயானைப் பார்த்தார்கள். லீயான் தன் கைப்பையின் பூட்டைப் பார்த்தாள்.

“திருமதி சக்டன் மாடியிலதானே குடியிருக்காங்க?”

“ஆமாங்க. மாடிப்படி பார் வழியாத்தான். அதனால அவங்க காலி பண்ண வேண்டியிருக்கும். தீர்ப்பு அமலுக்கு வர்றதுக்கு இருபத்தொரு நாள் இருக்கு. கம்பெனி அதுவரைக்கும் அவசரப்படுத்தாது.”

மூவரும் பக்கத்து அறைக்குப் போய் இருபத்தைந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்கள். க்ரௌதர் சொன்னது, சார்ஜென்ட் சொன்னது, இரண்டும் அப்படியே தீர்ப்பாயிற்று.

வெளியே நடைக்கூடத்தில் வால்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, “ஜெயிச்சுட்டோமா? பப் மூடலைல?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தான். கெய்னர் அவனைத் தாண்டிப் போய், படிக்கட்டின் அருகே மார்லீனைப் பிடித்தாள்.

“மார்லீன். ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவை வந்தேன். நீ பார்க்க விடலை. நான்தான் போலீஸைக் கூப்பிட்டேன், தெரியும்ல? துண்டை வெச்சுப் பிடிச்சதும் நான்தான்.”

“தெரியும். டீனுக்கு ஒன்பதாவது கோப்பை ஊத்திக் குடுத்ததும் நீதான். அதையும் நோட்டுல எழுதியிருக்கியா?”

“நான்...”

“என் பையன் காலையில எழுந்ததும் முகம் கழுவும்போது விளக்கைப் போடறதில்லை. உன் பப் மூடும், தெருவுல நிப்பேன்னு நெனச்சுத்தான் நான் இன்னைக்கு வேலைக்கு நடுவுல சொல்லிட்டு வந்தேன். பப் மூடலை. சரி. நீ தெருவுல நிப்ப. பாதியாவது கிடைச்சது.” மார்லீன் மேலங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

மூன்று மணிக்கு கெய்னர் மாடியில் தன் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. க்ரௌதர் கொடுத்த படிவத்தின் நகல் மடியில் இருந்தது. லீயான் வாசலிலேயே நின்றாள். நாலு மணிக்கு பார் திறக்க வேண்டும்.

“ஏப்ரல் இருபத்து நாலு,” என்றாள் கெய்னர். “தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்க. அந்த ஆள் வந்து என் பின்னால நிக்கிறேன்னு சொன்னது இருபத்தாறு.”

“அவர் முதல்ல என்கிட்ட ஃபோன்ல கேட்டாரு. அம்மா தோத்துட்டா கம்பெனி பப்பையே மூடிடும், நீ கையெழுத்துப் போட்டா பப்பாவது மிஞ்சும்னாரு.”

“என்கிட்ட சொல்ல வாய் இல்லையா?”

“சொல்லியிருந்தா கிழிச்சிருப்ப.”

“பல்லைப் பிடுங்கிட்டு வர்றேன்னு லீட்ஸுக்குப் போனியே ஒரு நாள். அன்னைக்குத்தான் பரீட்சையா?”

“ஆமா.”

“பாஸா?”

“நாற்பதுக்கு முப்பத்தெட்டு.”

கெய்னர் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. “ஒரு வேலையையாவது முழுசா முடிச்சிருக்க. இப்பத்தான் புரியுது, உன் புருஷன் ஏன் ராத்திரியோட ராத்திரியா ஓடினான்னு.”

“இதைத்தாம்மா.” லீயானின் குரல் உயரவே இல்லை. “இதையே அஞ்சு வருஷமா ஊர் முழுக்கக் கேக்கிற மாதிரி சொன்ன. அவங்க சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். இனிமே கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்னு சொல்ல முடியாது உன்னால. போலீஸ் கண்டிஷன்.”

“அதனால பண்ணினியா?”

“இல்லை. பப் மூடக் கூடாதுன்னு பண்ணினேன். எனக்கும் வேற போக்கிடம் இல்லை.” அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “என் வீட்டு வாடகை ஜூன் முடிய குடுத்திருக்கேன். நான் இங்க வந்துட்டா அது காலியாத்தான் இருக்கும். நீ அங்க இரு. கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு.”

“அப்புறம்?”

“அப்புறம் பார்க்கலாம்.”

கெய்னர் படிவத்தை நான்காக மடித்தாள். பிறகு பிரித்தாள். கீழே தெருவில் பீர் லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது. அதற்கு நிலவறைக் கதவைத் திறந்துவிட வேண்டும். லீயான் சுவரில் மாட்டியிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தாள்.

“எடுத்துக்கோ,” என்றாள் கெய்னர். “உன்னுதுதானே. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ.”

லீயான் சாவிக்கொத்தை ஆணியிலிருந்து எடுத்தாள்.

“வால்ட்டுக்கு ஒண்ணும் தெரியாது, அவன் கிழட்டுக் கழுதை. வியாழக்கிழமையைப் பத்தி எழுதினான், நல்லதுன்னு நெனச்சு எழுதினான். அந்தப் பேச்சை டைப் அடிச்சது நீ. ஒவ்வொரு எழுத்தா நீ அடிச்ச. அதை அங்க போய்ப் படிச்சா என்ன ஆகும்னு பரீட்சையில முப்பத்தெட்டு வாங்கினவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அந்த நாலு வரியை எடுத்துட்டு அடிச்சிருக்கலாம். அவன் கவனிச்சிருக்கவே மாட்டான்.” அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். “ஏன் எடுக்கலை?”

லாரிக்காரன் கீழே இரண்டு முறை ஹாரன் அடித்தான்.

“லீயான். ஏன் எடுக்கலைன்னு கேட்டேன்.”

லீயான் சாவிக்கொத்தில் நிலவறைச் சாவி எது என்று தேடினாள். மூன்றாவதைத் தொட்டதும் அதுதான் என்று தெரிந்தது போல விரலிடுக்கில் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் முகத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு அறையை விட்டு வெளியே போய், மாடிப்படியில் இறங்கினாள்.